கண்ணாடி டம்ளரில் பொறிக்கும்போது லென்ஸ் விரிசல்

வணக்கம். லேசர் மெஷினில் பத்துப் பன்னிரண்டு டம்ளர் பொறித்ததும் கோடு மங்கியது, கழற்றிப் பார்த்தால் லென்ஸ் நடுவில் விரிசல், லேசர் கதிரை உண்டாக்கும் டியூப்பும் போயிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு டியூப் வாங்கிவிடாதீர்கள். கண்ணாடி தீப்பிடிக்காதே என்று ஏர் அசிஸ்ட்டை (பொறிக்கும் இடத்தில் காற்று ஊதும் அமைப்பை) நிறுத்தி வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பு சட்டெனச் சூடாகி நுண்ணிய செதில்களாகத் தெறிக்கும். காற்று ஊதித் தள்ளாவிட்டால் அதில் கொஞ்சம் லென்ஸின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டும். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மாவு தூவியது போலத் தெரியும். ஒட்டிய இடம் மட்டும் கதிரை உறிஞ்சிக் கொதிக்கும், விளிம்பு குளிர்ந்தே இருக்கும். லென்ஸ் தாங்காது.

காற்றைக் குறைவாகவாவது ஓட விடுங்கள். டம்ளர் மேல் ஈரமான மெல்லிய காகிதத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பொறித்தால் தெறிப்பும் குறையும். லென்ஸ் ஆறிய பிறகு முதலில் தூசியை ஊதிவிட்டு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளால் அழுத்தாமல் துடையுங்கள். உலர்ந்த துணி வேண்டவே வேண்டாம், கண்ணாடித் துகளே கீறிவிடும்.

உடைந்த லென்ஸை வெறும் கையால் தொடாதீர்கள். பெரும்பாலும் அது ஜிங்க் செலினைடு, தூள் நச்சு. கையுறை போட்டு எடுத்து மூடி வையுங்கள்.

இன்னொன்று, ரோட்டரியை (டம்ளரைச் சுழற்றும் கருவியை) மாட்டும்போதும் கழற்றும்போதும் மெஷினை முழுசாக அணைத்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகலாம். புது லென்ஸ் போட்டும் கோடு மங்கலாகவே இருந்தால், கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளையும் துடைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், டியூப்பைப் பற்றி அப்போது பேசலாம்.