மகளின் ஆளுமை அறிக்கையும் சூப்பர்வைசர் வேலையும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிடங்கில் வேலை செய்யும் உங்கள் மகளுக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் பதவி தரலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. அதே நேரம் பார்த்து, பயிற்சி வகுப்பில் கொடுத்த ‘டிஸ்க்’ அறிக்கையில், அதாவது ஆளின் குணத்தை டி, ஐ, எஸ், சி என்ற நான்கு எழுத்துகளால் சொல்லும் ஆளுமைத் தேர்வின் அறிக்கையில், அவளுக்கு ‘சி’ விழுந்திருக்கிறது. ‘விவரங்களில் கவனம் அதிகம், கூட்டத்தில் பேசத் தயங்குவார்’ என்று அதில் படித்துவிட்டு, ஆட்களை வைத்து வேலை வாங்க இவளால் ஆகாது, கணக்குப் பக்கமே போகச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அக்கா. அந்த ஒரு தாளுக்காக அவள் பதவியை மறுக்கக் கூடாது.

அந்த நான்கு எழுத்துகளும் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல் எழுதிய கருத்துகளிலிருந்து வந்தவை. அவர் அதற்காக ஆளுமைத் தேர்வு எதையும் உருவாக்கவில்லை. கேள்வித்தாள்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்தவை. மனிதரைப் பதினாறு குணவகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வும் இப்படிப் பிரபலமானதுதான். ஆனால் ஆள் எடுப்பதற்கோ யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்வதற்கோ அதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

“அப்படியே என் மகளை எழுதி வைத்திருக்கிறது” என்கிறீர்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, பிறகு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26 வந்தது. கொடுத்தது எல்லோருக்கும் ஒரே அறிக்கை. அதில் இருந்த வரிகளை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பொதுவாக எழுதிய வரிகள் யாருக்கும் தனக்கே எழுதியதுபோலத் தோன்றும், அக்கா.

சட்டமும் அவள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8-ஆம் பிரிவைப் பாருங்கள். ஊழியர்களுக்கு உளவியல் தேர்வு வைப்பதென்றால் அது அறிவியல் முறைப்படி நம்பகமானது என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் பாதகமாக இருக்கக் கூடாது. பயிற்சி வகுப்பில் பேச்சைத் தொடங்கிவைக்கக் கொடுத்த தாளை வைத்துப் பதவியை மறுத்தால், எந்த அடிப்படையில் என்று அவள் எழுத்து மூலம் கேட்கலாம். பணிவாகக் கேட்கட்டும், ஆனால் கேட்கட்டும்.

சரி, ஆளுக்கு ஆள் குணம் மாறுகிறது என்பது பொய்யா? இல்லவே இல்லை. அதைக் கவனிக்கத் தெரிந்தால் சூப்பர்வைசர் வேலையில் பாதி கைக்கு வந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர் “என்ன செய்யணும், சொல்லு” என்றே தொடங்குவார். அவரிடம் முதலில் முடிவைச் சொல்ல வேண்டும், காரணம் அப்புறம். இன்னொருவருக்கு டீ நேரத்தில் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் அன்றைக்கு உற்சாகமாக இருப்பார். வேறொருவர் வருடக்கணக்காக ஒரே இடத்தில் பொறுமையாக நிற்பவர். ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணையை, திடீரென்று மாற்றினால் வாய் திறக்க மாட்டார், உள்ளுக்குள் வருந்துவார். அவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள யாருக்கும் எழுத்து ஒட்டத் தேவையில்லை. இரண்டு வாரம் கவனமாகப் பார்த்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காலைக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். சூலு பேசி வளர்ந்த ஒருவர் அதில் பேசாமல் நின்றால் ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதிவிடுவார்கள். அதே ஆள் தன் மொழியில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மொழியால் வரும் மௌனமும் குணத்தால் வரும் மௌனமும் வேறு வேறு. தனியாகக் கேட்டால்தான் எது என்று தெரியும்.

இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைய 11 அதிகாரப்பூர்வ மொழிகளிலும் 1,200-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து, தெரிந்த மனிதர்களைப் பற்றி அவரவர் சொற்களில் சொல்லக் கேட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஒன்பது குணத்தொகுப்புகள் கிடைத்தன. கடமையுணர்வு, மனச் சமநிலை போன்ற பழக்கமானவற்றோடு உறவில் இணக்கம், இளகிய மனம், நேர்மை, பிறருக்கு வழிகாட்டுவது ஆகியவையும் அதில் தனித்தனியாக நின்றன. மற்றவரோடு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்தும் இங்கே ஆளை எடைபோடுகிறார்கள். அதனால் அவள் காலையில் ஸ்டாக் தாளோடு போய் நிற்க வேண்டாம். முதலில் சூலு மொழியில் ‘சனிபோனானி’ என்று வணக்கம் சொல்லட்டும். வயதில் பெரியவரை ‘பாபா’ (அப்பா) என்று அழைத்து நலம் விசாரித்து, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நிற்கட்டும். கூச்சமுள்ள பெண்ணாலும் இது முடியும்.

ஊக்கப்படுத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். டெசி, ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் வேலையில் தன் பேச்சுக்கு இடம், கைத்திறன் வளர்கிறது என்ற நிறைவு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். எந்த லாரியை முதலில் ஏற்றுவது என்பதை அனுபவமுள்ளவரிடம் விடலாம். புதிதாக வந்த பையனுக்கு ஸ்கேனர் வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். பாராட்டைச் சிலருக்கு எல்லோர் முன்னாலும், சிலருக்குத் தனியாகவும் சொல்ல வேண்டும். ஆனால் ஓவர்டைம் கணக்கு தப்பாக வந்தால் எந்தப் பாராட்டும் எடுபடாது. அதை முதலில் சரிபார்க்கிற சூப்பர்வைசரைத்தான் ஆட்கள் நம்புவார்கள். விவரங்களில் கவனமுள்ள உங்கள் மகளுக்கு அது கைவந்த வேலை அல்லவா?

வீட்டில் “நீ அமைதியானவள், உன்னால் முடியாது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த அறிக்கையைவிட அம்மா சொன்னது ஆழமாகப் பதியும். மூன்று மாதம் தற்காலிகமாகப் பொறுப்பேற்றுப் பார்க்க முடியுமா என்று மேலாளரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். அதற்குள் தன் ஷிப்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எப்படிச் சொன்னால் புரிகிறது, எதைச் செய்தால் கோபம் வருகிறது என்று சின்ன நோட்டில் எழுதி வைக்கட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம். கம்பெனிக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவளை என்னிடம் அனுப்புங்கள். அறிக்கையையும் எடுத்து வரட்டும், வரிவரியாகப் பார்த்துவிடலாம்.