ஹெட் ஸ்டட் முறிந்து இன்ஜின் பிளாக்கில் மாட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது?

குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற நேரத்தில் டீசல் இன்ஜினின் ஹெட்டைப் பிடித்திருக்கும் மரைக்கம்பியான ஸ்டட், பிளாக்கோடு சமமாக முறிந்துவிட்டது என்கிறீர்கள். அவசரப்பட்டு ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே செருகித் திருகி எடுக்கும் கருவி) போட்டு முறுக்காதீர்கள். அது கடினப்படுத்திய எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். மன்னார்குடிப் பக்கம் ஒருமுறை எனக்கு அப்படி ஆகி, ஒரு நாள் முழுக்கப் போச்சு.

துரு இளக்கும் எண்ணெயான டபிள்யூடி 40 அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் எண்ணெயைத் துடைத்து, டீசல் டேங்கை வரப்போரம் தள்ளி வைத்துவிட்டு, முறிந்த ஸ்டட் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டை வழியாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில்தான் துரு பிடி விடும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. மரையோரம் பழுப்புப் பொடி உதிர்ந்தால் சரி, அசைந்துவிட்டது. நட்டு பிய்ந்தால் இன்னொன்று வையுங்கள், மூன்றாவதில்கூட வரும்.

அப்புறம், புது ஸ்டட் போடுமுன் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்துவிடுங்கள்.