பாவமாக இல்லாத முகங்கள்

அன்புள்ள சார்,

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடக்கும் புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலியின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளை முகங்கள். தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்கள், திருநம்பிகள். யாரும் அழவில்லை. நம்மைப் பார்த்தபடி இருக்கிறார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட் படங்களை வரிசையாக மாட்டியது போலிருந்தது. அங்கே இவர்களுக்கு நடக்கும் கொடுமைகளைப் படித்திருக்கிறேன். அந்த வலி முகத்தில் தெரியாவிட்டால் நமக்கு எப்படி இரக்கம் வரும்? ஏன் வண்ணத்தில் எடுக்கவில்லை? டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். இதற்கு அழைத்துப் போகலாமா?

கே., லண்டன், 2024

அன்புள்ள கே.,

கறுப்பு வெள்ளை பற்றிச் சொல்ல அதிகமில்லை. புகைப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் ஜொஹானஸ்பர்க்கில் தொடங்கிய புகைப்படப் பட்டறையில் படித்தவர் முஹோலி. அங்கே வலுவாக இருந்த மரபு அது. விடுங்கள்.

உங்கள் இரக்கத்தை அந்தச் சுவரில் யார் கேட்டார்கள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே வரியை வேறொருவர் வாயில் கேட்டிருக்கிறேன். ஒரு பத்திரிகையில் வேலை பார்த்த காலம். திருநங்கைகள் பற்றி ஒரு கட்டுரை. புகைப்படக்காரர் கொண்டுவந்த படத்தில் ஓர் அம்மா பட்டுப்புடவை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்க்கிறார். பெயரோடு போடுங்கள் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். ஆசிரியர் படத்தைத் தள்ளி வைத்தார். "பாவமாவே இல்லையேய்யா." நானும் மல்லுக்கட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் கண்களில் கறுப்புப் பட்டை ஒட்டி, பெயரில்லாமல் அச்சானது. வாசகர்கள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

முஹோலி 2006 முதல் எடுத்துவரும் வரிசையில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், ஆண்டு உண்டு. பாஸ்போர்ட் படம் என்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் அதிகாரிக்காக முகத்தைக் காட்டுகிறோம். இங்கே சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, எப்படி நிற்பது என்று யோசித்து நின்றிருக்கிறார்கள். அந்த நாட்டில் பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று 1996 அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. ஒருபால் திருமணச் சட்டமும் 2006இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 2008இல், தேசிய கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமலானேயை அவரது ஊரான க்வாதேமாவிலேயே கொன்றுபோட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முகத்தோடு பெயரையும் ஊரையும் தருவது லேசான காரியமா? நீங்கள் அதில் கண்ணீரைத் தேடுகிறீர்கள்.

வலி வேண்டுமானால் சுவரில் இருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. படங்களுக்கு நடுவே ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். இறந்துபோனவர்களுக்கும், இனி எடுக்கப்பட இருப்பவர்களுக்கும். வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் கவிஞர் பூசி சிகாசா, படம் எடுத்த அடுத்த ஆண்டே போய்விட்டார்.

இன்னொன்று. 2009இல் ஜொஹானஸ்பர்க்கில் ஒரு கண்காட்சிக்கு வந்த கலைத்துறை அமைச்சர், முஹோலியின் படங்களைப் பார்த்துவிட்டு ஒழுக்கக்கேடு என்று வெளியேறினார். அந்தப் படங்களில் ரத்தமோ காயமோ இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அடிபட்டுக் கிடக்கும் பெண்ணின் படமாக இருந்தால் அமைச்சரும் உச்சுக்கொட்டிவிட்டு நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். நிம்மதியாக இருப்பவர்களைப் பார்ப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. நீங்கள் அந்த அமைச்சர் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அந்த முகங்களிடம் வேறு ஏதோ ஒன்றை எதிர்பார்த்தே போயிருக்கிறீர்கள்.

அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். முஹோலி தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்களை முதலில் காட்டுங்கள். ஒரு படத்தில் தலையிலும் காதிலும் துணிக்கிளிப்புகளை மாட்டிக்கொண்டு ராணி போல உட்கார்ந்திருப்பார். ஒரே வெள்ளையர் வீட்டில் 42 ஆண்டுகள் வேலை செய்த தாய் பெஸ்டரின் நினைவாக எடுத்தது. அம்மாவுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், அவர் சொல்வதைக் கேளுங்கள். நிர்வாணப் படங்களும் சில உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரி 26 வரை இருக்கிறது. விடுமுறைக் கூட்டத்தில் மாட்டாமல் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.