ஒரே சர்ஃபாக்டன்ட் ஓர் எண்ணெயில் தெளிவாகவும் இன்னோர் எண்ணெயில் கலங்கலாகவும் வருவது ஏன்?

ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்ற சிறு மூலக்கூறு எண்ணெயில் தெளிவாக அமைந்த மைக்ரோஎமல்ஷன் (மிக நுண்ணிய துளிகளாலான எண்ணெய்-நீர்க் கலவை), அதே அளவு சர்ஃபாக்டன்ட்டுடன் (எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள்) தாவர எண்ணெயில் வெளுத்துப்போவது ஏன் என்றும், கலக்கும் வேகத்தைக் கூட்டினால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேகத்தால் இது தீராது. சாதாரண எமல்ஷனுக்கு வெளியிலிருந்து ஆற்றல் தரவேண்டும், அதுவும் நாளடைவில் பிரிந்துவிடும். மைக்ரோஎமல்ஷனோ வெப்ப இயக்கவியல்படி நிலையானது என்பதால், பொருட்களும் விகிதமும் பொருந்தினால் இலேசாகக் கிளறினாலே உருவாகிவிடும். ஹைட்ரோகார்பன் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிநியூட்டனாக இருக்கும் இடைமுக இழுவிசை (இரண்டும் சந்திக்கும் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை), ஒரு மில்லிநியூட்டனில் நூறில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கவேண்டும் என்பதே அடிப்படைத் தேவை.

பலரும் முதலில் சர்ஃபாக்டன்ட்டைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். நான் எண்ணெயிலிருந்து தொடங்குவேன். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள், நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலுமாக, துளியைச் சுற்றிப் படலமாக நிற்கின்றன. சிறிய எண்ணெய் மூலக்கூறுகள் அந்த வால்களுக்கிடையே புகுந்து, அப்படலம் சிறு துளியைச் சுற்றி வளைவதற்கு உதவுகின்றன. தாவர எண்ணெயில் பெரும்பாலும் 18 கார்பன் கொண்ட மூன்று சங்கிலிகள் ஒரே மூலக்கூறில் பிணைந்திருப்பதால், அது உள்ளே புக முடியாமல் துளியின் நடுவிலேயே தங்கிவிடுகிறது. 8 முதல் 10 கார்பன் சங்கிலிகளைக் கொண்ட நடுத்தரச் சங்கிலி டிரைகிளிசரைடுகள் இதைவிட எளிதில் இணங்கும்.

அடுத்தது, படலத்துக்கு உதவியாகச் சேர்க்கும் துணைச் சர்ஃபாக்டன்ட். சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்ட்டின் மின்னூட்டத் தலைகள் ஒன்றையொன்று விலக்குவதால் அது தனியாகப் போதாது. பென்டனால் போன்ற ஆல்கஹால் இடையில் புகுந்து படலத்தை நெகிழ்விக்கவேண்டும். இரட்டை வாலுள்ள ஏஓடி என்ற சர்ஃபாக்டன்ட் இந்தத் துணைப்பொருள் இன்றியே நீர்த்துளிகளை எண்ணெயில் நிறுத்தும். எத்தனால் போன்ற குறுகிய ஆல்கஹாலை நம்பியிருந்தால் ஓர் ஆபத்து உண்டு: நீர் சேர்த்து நீர்த்தவுடன் அது படலத்தை விட்டு நீருக்குள் போய்விடும், தெளிவும் கூடவே போகும். சர்ஃபாக்டன்ட் நீரை அதிகம் நாடுமா எண்ணெயை அதிகம் நாடுமா என்று காட்டும் எச்எல்பி எண்ணைத் தொடக்க வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, எண்ணெயின் அளவையோ வெப்பநிலையையோ அது சொல்லாது.

வெப்பநிலையும் உப்பும் எல்லாச் சர்ஃபாக்டன்ட்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பாலிஆக்சிஎத்திலீன் தலையுள்ளவை சூடேறும்போது தம்மைச் சூழ்ந்த நீரை இழப்பதால், படலம் நீர்ப்பக்கமாக வளையத் தொடங்கும். அயனி வகைகள் வெப்பத்தைவிட உப்புக்கே அதிகம் அசைந்துகொடுக்கும். சேர்க்கும் மருந்தோ வாசனைப்பொருளோ படலத்துக்குள் அமரக்கூடியது என்பதால், அதையும் ஒரு மூலப்பொருளாக எண்ணி, அதைச் சேர்த்த பிறகே, எந்த விகிதங்களில் தெளிவு வரும் என்று காட்டும் விகித வரைபடத்தை வரையுங்கள்.

உங்கள் எண்ணெயை விடமுடியாதென்றால், அதில் ஒரு பகுதியை நடுத்தரச் சங்கிலி வகையால் மாற்றி, நீரை நாடும் சர்ஃபாக்டன்ட்டான ட்வீன் 80 உடன் (எச்எல்பி 15) எண்ணெயை நாடும் ஸ்பேன் 80 (எச்எல்பி 4.3) சிறிது கலந்து பாருங்கள். கிடைத்த தெளிவு உண்மையானதா என்றறிய, கலங்கும்வரை சூடாக்கி, பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, இலேசாகக் கிளறுங்கள். மைக்ரோஎமல்ஷனானால் மீண்டும் தெளியும், துளிகளை உயர் அழுத்தத்தில் நுண்ணியதாக உடைத்துச் செய்த நானோஎமல்ஷன் ஒருமுறை கெட்டால் தானாகத் திரும்பாது.