அந்த மூன்று நாளும் என்ன வசனம் அனுப்பினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 44. ஒன்றரை வருடத்துக்கு முன்பு கணவரின் தொழில் நொடித்துப்போனது. கடன் இன்னும் அடையவில்லை. நானும் வேலைக்குப் போகிறேன். விடியற்காலையில் எழுந்து ஜெபித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடுகிறேன். கணவர் வீட்டார், 'இவ்வளவு ஜெபம் பண்ணியும் என்ன ஆச்சு? உன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை' என்கிறார்கள். என் அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணியோ, 'பெற்ற தாயை எட்டிப் பார்க்காதவளுக்கு ஜெபம் எதற்கு' என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் விடாமல் மெசேஜ் அனுப்புகிறார். மனச் சமாதானம் கெட்டுவிடும் என்பதால் அவற்றை நான் திறப்பதே இல்லை (போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததைக்கூட மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன்). பதிலாகத் தினமும் ஒரு வசனம் மட்டும் அனுப்பிவிடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிந்தனை. யோபுவைப் போல விசுவாசத்தில் உறுதியாக நிற்க நான் எந்த வசனங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய கடிதம் ஆறு பக்கம். அதன் சாரத்தைத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். கடனைப் பற்றி இரண்டு பக்கம், கணவர் வீட்டாரின் பேச்சைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மீதியெல்லாம் அண்ணி. அம்மா விழுந்தது மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரே வரி. இந்த மாதிரிக் கடிதங்களை நான் வருடக்கணக்காகப் படித்துவருகிறேன். எழுதுகிறவருக்கே உறுத்துகிற விஷயம் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான் போய் உட்காரும்.

அதனால் வசனம் கேட்கிற உங்களிடம் முதலில் நான் ஒன்று கேட்கிறேன். தினமும் ஒரு வசனம் அனுப்புவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மூன்று நாளும் அனுப்பியிருப்பீர்கள். என்ன வசனம் அது? 'அத்தை விழுந்துட்டாங்க' என்று ஒருத்தி பதறி எழுதிய வரிக்கு அடியில், அதைப் படிக்காமலே நீங்கள் கொண்டுபோய் வைத்த வசனம் எது? போனை எடுத்துப் பாருங்கள். தேதியோடும் நேரத்தோடும் அது அங்கேயே இருக்கும்.

வயதானவர் குளியலறையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? ஈரத் தரையில் கிடப்பவரை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். உடை நனைந்திருக்கும், அவருக்கு வலியைவிட வெட்கம் அதிகமாக இருக்கும். நான் என் மாமியாரைக் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். அந்த நாட்களில் தூரத்திலிருந்து வந்த ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து, 'நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன என் நாத்தனாரின் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு எலும்பு முறிந்ததா, இப்போது நடக்கிறாரா, படுத்திருக்கிறாரா? ஆறு பக்கத்திலும் நீங்கள் அதை எழுதவில்லை. செய்தியைப் பார்த்த பிறகு ஓடிப் போனதாகவும் எழுதவில்லை.

சரி, நிந்தனைக்கு வருகிறேன். உங்கள்மேல் வந்தவை இரண்டு வேறு வேறு நிந்தனைகள். நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்.

முதலாவது, கடன் வந்தது உங்கள் விசுவாசக் குறைவால் என்பது. இது பொய். பிறவிக் குருடனைக் காட்டி, 'இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ' என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமே இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை விடாமல் வருத்திய வேதனை, நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? வரவேண்டிய பணம் வராமல், வட்டி மேல் வட்டி ஏறி, நல்லவர்களின் தொழிலும் நொடித்துப்போகும். கணவர் வீட்டாரின் இந்தப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. தலையை நிமிர்த்தி நடங்கள்.

இரண்டாவது, பெற்ற தாயை எட்டிப் பார்க்கவில்லை என்பது. இது உண்மை. உறவெல்லாம் கூட்டி அண்ணி சொல்லியிருக்கத் தேவையில்லை, அது அவர் தவறு. ஆனால் சொன்னவரின் தவறால் சொன்ன விஷயம் பொய்யாகிவிடாது.

நிந்திக்கப்படுகிறவர்கள் எல்லோரும் தேடிப் போகிற வசனம் ஒன்று உண்டு. உங்கள் கடிதத்திலும் இரண்டு தரம் வருகிறது, மத்தேயு 5:11. 'என்னிமித்தம் உங்களை நிந்தித்துத் துன்பப்படுத்தி, பலவித தீமையான மொழிகளையும் உங்கள்பேரில் பொய்யாய்ச் சொல்வார்களானால் பாக்கியவான்களாயிருப்பீர்கள்.' இதில் 'என்னிமித்தம்' என்ற சொல்லையும் 'பொய்யாய்' என்ற சொல்லையும் தடவிப் பாருங்கள். அண்ணி உங்களைத் திட்டியது கிறிஸ்துவினிமித்தமா? இல்லை, அம்மாவினிமித்தம். அவர் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. பிறகு எந்த உரிமையில் அந்தப் பாக்கியத்தை எடுத்து உங்கள்மேல் போர்த்திக்கொள்கிறீர்கள்? அதே அதிகாரத்தில் பன்னிரண்டு வசனம் தள்ளி, பலிபீடத்தண்டை காணிக்கை செலுத்த வந்தவனைப் பற்றி இயேசு பேசுகிறார். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். உங்கள் விடியற்கால ஜெபத்தில் அண்ணியின் குறை ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லையா?

யோபுவின் பெயரையும் எடுத்திருக்கிறீர்கள். யோபு காதைப் பொத்திக்கொள்ளவில்லை சகோதரி. சாம்பலில் உட்கார்ந்துகொண்டு, உடம்பெல்லாம் புண்ணோடு, நண்பர்கள் சொன்ன ஒவ்வொரு குற்றச்சாட்டையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். பதில் சொல்ல அவரிடம் விஷயமும் இருந்தது. 'நான் குருடனுக்குக் கண்ணும், சப்பாணிக்குக் காலுமாயிருந்தேன்' என்று அவரால் சொல்ல முடிந்தது. அம்மாவுக்கு நான் காலாக இருந்தேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? சொல்ல முடிகிற அன்றைக்கு யோபுவோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் என்னை விடவில்லை. 'கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மெசேஜ் அனுப்புகிறார்' என்கிறீர்கள். திறந்தே பார்க்காதவருக்கு, அவர் பணம்தான் கேட்கிறார் என்று எப்படித் தெரிந்தது? 'ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துட்டுப் போ' என்று கேட்டிருக்கலாம். 'அத்தை உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க' என்று எழுதியிருக்கலாம். கடன்பட்டவர்களுக்கு எந்த மணி அடித்தாலும் பணம் கேட்கிற மணியாகவே கேட்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு மனச் சமாதானம் என்று பெயர் வைத்தீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெற்றவர்களுக்குச் செய்யவேண்டியதை, 'இது தேவனுக்கென்று கொடுத்துவிட்டது' என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அப்படிக் கொடுத்த காணிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் கொர்பான். அந்தச் சொல் பழையது, பழக்கம் பழையதல்ல. அன்றைக்குக் காசை வைத்துச் செய்ததை நீங்கள் ஜெப நேரத்தை வைத்துச் செய்கிறீர்கள். ஜெபக் குழுவில் எல்லோரும் உங்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் அந்த மூன்று நாளைப் பற்றிச் சொன்னீர்களா?

நான் மறைக்காமல் சொல்கிறேன். தாய்க்குச் செய்வது மகனின் பொறுப்பு, மகள் வந்து போனால் போதும் என்ற பேச்சை நான் எந்நாளும் ஏற்றதில்லை. அதைவிட, மகனின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவன் மனைவியின் தோளில் வைத்துவிடுகிறோமே, அது பெரிய அநியாயம். உங்கள் அம்மாவைத் தூக்கியது யார்? அவர் வயிற்றில் பிறக்காத ஒரு பெண். அவர் கோபத்தில் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நீங்கள் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணன் என்ன செய்கிறார் என்று என்னிடம் திருப்பிக் கேட்காதீர்கள். அவர் கடிதம் எழுதினால் அவருக்கும் வைத்திருக்கிறேன்.

விசுவாசத்திலிருந்து பலம் பெறவே கூடாதா என்று கேட்பீர்கள். பெறவேண்டும். அது இல்லாமல் இந்தக் கடனை நீங்கள் கடக்க முடியாது. 42-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். அதைப் பாடியவனும் உங்களைப் போலத்தான். 'உன் தேவன் எங்கே' என்று நாள்தோறும் கேட்கிறார்கள், இரவும் பகலும் கண்ணீரே அவனுக்கு உணவாயிருக்கிறது. ஆனால் கேட்டவர்கள்மேல் அவன் வசனத்தை வீசவில்லை. தன் உள்ளத்தைப் பார்த்து, 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்' என்கிறான். அந்த ஒரே கேள்வி அந்தச் சங்கீதத்தில் இரண்டு தரமும் அடுத்த சங்கீதத்தில் ஒரு தரமும் வருகிறது. ஒருமுறை கேட்டு அடங்காத கலக்கம் அது. உங்களுடையதும் ஒரே நாளில் அடங்காது. தினமும் அண்ணிக்கு அனுப்பிய வசனத்தை இனி உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். வார்த்தை உள்ளே போனால் ஆறுதலாக இருக்கும். வெளியே எறிந்தால் கல்லாகத்தான் போய் விழும்.

139-ஆம் சங்கீதத்தின் கடைசி வரி நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: 'வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து, நித்திய வழியிலே என்னை நடத்தும்.' எனக்கு வேதனை உண்டாக்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்று கேட்கிற ஜெபம் அல்ல இது. என்னால் வேதனைப்படுகிறவர் உண்டோ என்று கேட்கிற ஜெபம். நீங்கள் பற்றிக்கொள்ள ஒரு வசனம் கேட்டீர்கள். இதைத்தான் கொடுப்பேன்.

இன்று இரவே அண்ணி அனுப்பியவற்றை எல்லாம் திறங்கள். பழையதிலிருந்து தொடங்குங்கள். வாய்ஸ் மெசேஜ் இருந்தால் பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள். வசவு இருக்கும். அதற்கு நடுவே அம்மாவைப் பற்றிய செய்திகளும் இருக்கும், மாத்திரை, சாப்பாடு, தூக்கம், பார்க்க வந்தவர்கள் என்று. ஒரு வருடமாக உங்கள் தாயின் நாட்கள் அந்தப் போனுக்குள் திறக்காமல் கிடக்கின்றன. கேட்டு முடித்துவிட்டுப் பேசுங்கள், அண்ணனிடம் வேண்டாம், அண்ணியிடமே. கடன் கதை வேண்டாம், உங்கள் பக்க நியாயம் வேண்டாம், வசனமும் வேண்டாம். 'அண்ணி, மூன்று நாள் நான் பார்க்கவே இல்லை, தப்பு என்னுடையது' என்று சொல்லுங்கள். அவர் போனை வைத்துவிட்டால் மறுநாள் திரும்பக் கூப்பிடுங்கள்.

அப்புறம் புறப்பட்டுப் போங்கள். கையில் பணம் இல்லையென்றால் இல்லாமலே போங்கள். இரண்டு நாள் லீவு போட முடியாது என்று சொல்லாதீர்கள். அம்மா இறந்தால் போடுவீர்கள் அல்லவா?

பைபிளை எடுத்துப் போங்கள், அம்மா ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். அண்ணிக்கு வாசிக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி ஓய்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே, போதும் என்று சொல்லிச் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓய்ந்துபோனவர்களைத் தேவன் கவனித்த விதம் அது. நீங்கள் போகிற அந்த இரண்டு இரவும் அண்ணியைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். அம்மாவின் அறையில் நீங்கள் பாய் விரித்துப் படுங்கள். அலாரம் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.