ஈ வச்சு கேன்சர் படிக்க முடியுமான்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். பொண்ணு கேன்சர் ரிசர்ச் பண்ணணும்னு சொல்லிட்டு பழ ஈயைப் பத்திப் படிக்கப்போறேங்கிறா, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருந்தீங்க. நிறையவே சம்பந்தம் இருக்கு, அவ சரியான பாதையிலதான் யோசிக்கிறா.

1980ல ஜெர்மனில நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க பழ ஈயோட கரு எப்படி உருவம் எடுக்குதுன்னு தேடுனப்போ, ஒரு ஜீன் கெட்டுப்போன லார்வா, அதாவது ஈயோட புழு, உடம்பெல்லாம் முள்ளா இருந்துச்சு, அதனால அந்த ஜீனுக்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலின்னு பேர் வச்சாங்க. இந்த ஆராய்ச்சிக்காக அவங்களுக்கு 1995ல நோபல் கிடைச்சுது. அதே குடும்பத்து ஜீன்தான் நம்ம வயித்துக் குழந்தைக்கு விரலும் மூளையும் அமையறதுக்கும் வேலை செய்யுது, வேலை முடிஞ்சதும் பேட்ச்டுன்னு இன்னொரு ஜீன் பிரேக் போட்டு வைக்கும், அந்த பிரேக் போச்சுன்னா செல் திரும்ப வளர ஆரம்பிச்சுடும். பேசல் செல்ங்கிற தோல் கேன்சர்லயும், குழந்தைங்களுக்கு வர்ற மெடுலோபிளாஸ்டோமாங்கிற மூளைக் கட்டில ஒரு வகையிலயும் நடக்கிறது இதுதான். செல்லை வளரச் சொல்ற இந்த ஹெட்ஜ்ஹாக் சிக்னலை நிறுத்துற விஸ்மோடெஜிப் மாத்திரைக்கு 2012ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஆனா வளர்ற பிள்ளைங்களுக்கு அதைக் குடுத்தா எலும்பு நீளமாகிற இடமே சீக்கிரம் மூடிக்கலாம், ஏன்னா எலும்பு வளர்றதுக்கும் அதே சிக்னல்தான் வேணும். இந்த சிக்கலைத் தீர்க்க கரு வளர்ச்சியும் தெரிஞ்ச ஆளுங்க வேணும்மா, உங்க பொண்ணு மாதிரி.

அதனால பேர்லயே கேன்சர்னு இருக்கிற கோர்ஸா தேடாதீங்க. பேசிக் பயாலஜி உறுதியா இருக்கணும். ஐசர்ங்கிற (IISER) மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்கள்ல டிகிரியும் மாஸ்டர்ஸும் சேர்ந்த அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ் இருக்கு, கிடைக்கலேன்னா நல்ல காலேஜ்ல பிஎஸ்சி சுவாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ போதும், எந்த வகையிலயும் குறைச்சல் இல்ல, அப்புறம் எம்எஸ்சி, சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேசிய தேர்வுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை, அப்புறம் பெங்களூர் என்சிபிஎஸ் (NCBS), ஹைதராபாத் சிசிஎம்பி (CCMB), நவி மும்பை ஆக்ட்ரெக் (ACTREC) மாதிரி ஆராய்ச்சி நிலையத்துல பிஎச்டி. கூடவே கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியும் கத்துக்கட்டும், இப்போ ஜீன் டேட்டா இல்லாம எந்த லேபும் இல்ல.

பணத்தைப் பத்தியும் நேராவே சொல்லிடறேன். ஜேஆர்எஃப்ல முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், பிஎச்டி முடியவே அஞ்சாறு வருஷம் ஆகும், நிலையான வேலைன்னு உக்கார முப்பது வயசு தாண்டிடும். நடுவுல கல்யாணம்னு வீட்ல அவசரப்படுத்தினா அவ ரொம்ப திணறிப்போவா, இதை இப்பவே அப்பாகிட்டயும் பேசிடுங்க.

ஐசர்ல சேர ஐஏடின்னு (IAT) தனி நுழைவுத் தேர்வு, நீட் மார்க் அதுக்கு உதவாது. மேத்ஸ் கேள்வியும் வரும், அவ பயோ-மேத்ஸ் குரூப்பா இல்ல மேத்ஸ் இல்லாத ப்யூர் சயின்ஸான்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி எப்படி தயாராகணும்னு எழுதுறேன்.