முழுநேர வக்கீலுக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 33. பத்து வருடமாக வக்கீல் தொழில். வருமானம் சுமார்தான். ஒரு கட்சிக்காரர் ஃபீஸுக்குப் பதிலாக வாய்தாவுக்கு வாய்தா ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவருகிறார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகிவிடலாம் என்று இருக்கிறேன். இங்கிலாந்தில் ஜான் மார்ட்டிமர் என்ற வக்கீல் ரம்போல் கதைகள் எழுதிப் பெரும்புகழ் பெற்றாராமே? அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி என்னை ஊக்குவிக்க முடியுமா? என் சிறுகதை ஒன்றையும் இணைத்துள்ளேன். (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மன்னார்குடி)

பதில்: ஊக்குவிப்பதற்கு வேறு ஆளைப் பாருங்கள். ‘முழுநேர’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிடுகிறார், அப்புறம் மற்றது எதுவும் ஓடுவதில்லை.

அவர் நல்ல வேலையில் இருந்தவர். எழுதுவதற்கென்றே விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணத்தில் தேக்கு மேஜை ஒன்று செய்தார். மேஜைக்குத் தோதான உயரத்தில் நாற்காலி கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. கிடைத்த நாற்காலி ஆடியது. ஆசாரி வந்து காலைச் செதுக்கினார், மற்ற மூன்றும் ஆடின. ஏழு வருடமாகிறது. நாவலின் முதல் வரி ‘மழை பெய்தது’ என்று இருக்க வேண்டுமா, ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று இருக்க வேண்டுமா என்ற இடத்தில் நிற்கிறது. மிச்ச நேரத்தில் நமக்குக் கடிதம் எழுதுகிறார். ‘சென்ற இதழில் 14 ஒற்றுகளைக் காணவில்லை’ என்பது மாதிரி. ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் பத்து ‘ப்’பையும் நாலு ‘க்’கையும் தனித்தாளில் அச்சடித்து, ‘வேண்டிய இடங்களில் போட்டுக்கொள்ளவும்’ என்று அனுப்பிவைத்தேன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கடிதம் நிற்கவில்லை. இந்தப் பதிலையும் அவர் பென்சிலோடுதான் படித்துக்கொண்டிருப்பார். வணக்கம் சார்.

சரி, மார்ட்டிமர். 1923ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கிளிஃபோர்டு மார்ட்டிமர், விவாகரத்து, உயில் வழக்குகளில் பேர் போன பாரிஸ்டர். உயில் சட்டத்துக்கு அவர் எழுதிய தடிமனான புத்தகம் வக்கீல்கள் கையில் புழங்கியது. பையன் எழுத்தாளனாகப் போகிறேன் என்றபோது அவர் கவலைப்பட்டது பையனைப் பற்றி அல்ல, வரப்போகிற மருமகளைப் பற்றி. நாள் முழுக்க டிரெஸ்ஸிங் கவுனோடு வீட்டிலேயே சுற்றிக்கொண்டு, டீ போட்டுப் போட்டுக் குடித்துக்கொண்டு, வார்த்தை வராமல் விழித்துக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? சட்டத்தில் உள்ள பெரிய சௌகரியம், அது உன்னை வீட்டை விட்டுக் கிளப்பிவிடும் என்றாராம். தேக்கு மேஜைக்கு முன்னாலேயே இதை யாராவது நம் நண்பருக்குச் சொல்லியிருக்கலாம்.

இந்த அப்பாவைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. 1936ல், பையனுக்குப் பதின்மூன்று வயதில், அவருக்குப் பார்வை போய்விட்டது. போய்விட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கோர்ட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. லண்டன் போகிற ரயிலில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய வழக்குக் கட்டைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டுவார். விவாகரத்து வழக்கில் என்ன இருக்கும்? எந்த ஓட்டல், எந்த அறை, படுக்கை எந்த நிலையில் இருந்தது, வேலைக்காரி என்ன பார்த்தாள். முதல் வகுப்புப் பெட்டியில் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அத்தனை கனவான்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த அம்மாள் மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்துக்கொண்டு போவாராம். சாயங்காலம் வீடு திரும்பியதும் அவருக்குத் தோட்டம். தான் பார்க்க முடியாத செடிகளைத் தின்னும் பூச்சிகளைப் பொறி வைத்துப் பிடித்து, வாளித் தண்ணீரில் மூழ்கடிப்பார். எந்தப் பூ எந்த நிறத்தில் பூத்திருக்கிறது என்று மனைவி சொல்ல வேண்டும்.

இந்த மனிதரைப் பையன் பிற்பாடு ‘எ வாயேஜ் ரவுண்ட் மை ஃபாதர்’ என்று நாடகமாக்கினார். முதலில் வானொலிக்கு, பிறகு மேடைக்கு. 1982ல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது அப்பாவாக லாரன்ஸ் ஒலிவியே நடித்தார். படப்பிடிப்பு டர்வில் ஹீத் கிராமத்தில், அப்பா கட்டிய அதே வீட்டில், அதே தோட்டத்தில்.

பையன் அப்பா சொன்னதைப் பாதி கேட்டார். 1947ல் முதல் நாவல் வந்தது, அடுத்த வருடமே பாரிஸ்டராகக் கவுன் மாட்டினார். இரண்டில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று முடிவு செய்யாமலே ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் இரண்டையும் ஓட்டினார். விடியுமுன் எழுந்து எழுதுவது, அப்புறம் கோர்ட்டுக்குப் போவது. அப்பாவின் கவலையும் வேறு விதமாகத்தான் முடிந்தது. கட்டிக்கொண்ட பெண் பெனலபி தானே நாவலாசிரியை. அவருக்கு ஏற்கனவே இருந்த நாலு பெண் குழந்தைகளோடு இவர்களுக்குப் பிறந்த இரண்டும் சேர்த்து வீட்டில் ஆறு. அதற்குள் இரண்டு பேர் எழுதுவது! அந்த அம்மாள் 1962ல் எழுதிய ‘த பம்ப்கின் ஈட்டர்’ நாவலில் வரும் துரோகக்காரப் புருஷன் யார் என்று லண்டனில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. 1971ல் விவாகரத்து. அடுத்த மனைவி பெயரும் பெனலபிதான். விவாகரத்து வக்கீலின் மகன், சொந்த வழக்கில் பெயரையாவது மிச்சப்படுத்தினார்.

1966ல் மூத்த வக்கீல்களுக்குத் தரும் க்வீன்ஸ் கவுன்சல் பட்டம் பெற்றுப் பட்டுக் கவுனுக்கு மாறியதும் குடும்ப வழக்கை விட்டுக் குற்ற வழக்குக்கு வந்தார். சொத்துக்கும் பிள்ளைக்கும் அடித்துக்கொள்கிறவர்களைவிடக் கொலைக் கேஸ்காரர்கள் பழகுவதற்கு நல்லவர்கள் என்பது அவர் அனுபவம். மன்னார்குடியில் எப்படி?

அவர் நடத்திய வழக்குகளில் என் தொழில் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. 1971ல் ‘ஆஸ்’ என்ற பத்திரிகையின் ஆசிரியர்கள் மூன்று பேரை ஆபாசக் குற்றத்துக்காக லண்டனின் ஓல்டு பெய்லி குற்றவியல் கோர்ட்டில் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் தனக்குத் தானே வாதாடினார், மற்ற இருவருக்கும் மார்ட்டிமர். ஆறு வாரம் நடந்தது. ஜெயில் தண்டனை, பிறகு அப்பீலில் ரத்து. அந்த மூவரில் ஃபீலிக்ஸ் டென்னிஸ் என்பவருக்கு மட்டும் நீதிபதி தண்டனையைக் குறைத்துக் கொடுத்தார். காரணம், மற்ற இருவரை விட அவருக்குப் புத்தி குறைச்சலாம். அந்தப் புத்தி குறைந்தவர்தான் பிற்பாடு பிரிட்டனின் பெரும் பணக்காரப் பத்திரிகை முதலாளிகளில் ஒருவரானார். நீதிபதிகள் பத்திரிகை ஆசிரியர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

1977ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பாட்டுக் கோஷ்டியின் இசைத்தட்டுத் தலைப்பில் ஒரு சொல். அதை நான் இங்கே அச்சிட்டால் எனக்கும் ஒரு மார்ட்டிமர் தேவைப்படும். நாட்டிங்ஹாமில் கடை ஜன்னலில் அந்தத் தட்டை வைத்ததற்காக வழக்கு. மார்ட்டிமர் சத்தம் போடவில்லை, ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். இது ஆயிரம் வருடப் பழைய சொல், பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில்கூட வந்திருக்கிறது, பாதிரியார்களுக்குப் பட்டப்பெயராகவும் இருந்திருக்கிறது என்று பேராசிரியர் விளக்கினார். வழக்கு தள்ளுபடி. ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு பேராசிரியர் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்கவும். நம் ஒற்று நண்பர் வந்திருந்தால் இசைத்தட்டின் தலைப்பில் அரைப்புள்ளி எங்கே என்று கேட்டுக் கேஸைத் தோற்கடித்திருப்பார்.

எல்லாம் ஜெயித்ததாக நினைக்காதீர்கள். சிங்கப்பூருக்குப் போய் ஒரு தமிழருக்காக வாதாடித் தோற்றிருக்கிறார். யாழ்ப்பாண வம்சாவளியினரான ஜே. பி. ஜெயரத்தினம் தேர்தல் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் யூ அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டார். மார்ட்டிமரின் பேச்சு அங்கே எடுபடவில்லை. நஷ்டஈட்டோடு கோர்ட் செலவும் ஜெயரத்தினம் தலையில் விழுந்தது. அவர் அசரவில்லை. 1981ல் ஆன்சன் இடைத்தேர்தலில் நின்று, சிங்கப்பூர் தனிநாடான பிறகு தேர்தலில் ஜெயித்த முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனார்.

ரம்போலுக்கு வருகிறேன். நம் அலுவலகத்தில் ஒரு தம்பி இதை ‘ரம்பம் போல்’ என்று படித்துவிட்டு, வாசகர் உங்களைத்தான் சொல்கிறாரோ என்று கேட்டான். இல்லை தம்பி. ஹொரேஸ் ரம்போல், பட்டுக் கவுன் கிடைக்காத கிழட்டு வக்கீல். எந்தக் கட்சிக்காரரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ள விடமாட்டார், அரசுத் தரப்பில் ஆஜராக மாட்டார். மட்டமான ஒயின், சின்னச் சுருட்டு, வாயைத் திறந்தால் வேர்ட்ஸ்வொர்த் கவிதை. கோர்ட்டில் சிங்கம், வீட்டில் மனைவி ஹில்டா வைத்ததுதான் சட்டம். 1975ல் பிபிசியில் ஒரே ஒரு நாடகமாக வந்து, 1978 முதல் 1992 வரை தொடராக ஓடியது. அந்தக் கதைகளில் வரும் திருட்டுக் குடும்பத்துக் கட்சிக்காரர்களும் அறையில் கேஸ் இல்லாமல் கோல்ஃப் பந்து தட்டிக்கொண்டிருக்கும் கிழவரும் தேக்கு மேஜையில் முளைத்தவர்கள் இல்லை. மார்ட்டிமர் கடைசியில் சர் பட்டமும் வாங்கி, அப்பாவின் அந்த வீட்டிலேயே 2009 ஜனவரியில் தமது 85வது வயதில் காலமானார்.

இனி உங்கள் சிறுகதை. படித்தேன். ஜெனீவா. பனி. வயலின் வாசிக்கும் ஓர் இளம்பெண். 14 பக்கம். ஜெனீவாவுக்கு நீங்கள் போனதில்லை என்பது இரண்டாம் பக்கத்தில் தெரிந்துவிடுகிறது, அங்கே ஆட்டோ பேரம் நடக்கிறது. ‘ஷை சொத்தைத் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று தினமும் பத்திரம் படிக்கிற ஒருவர், கதை எழுத உட்கார்ந்ததும் ‘அவள் விழிகளில் ஓர் இனம்புரியாத ஏக்கம்’ என்று ஏன் எழுதுகிறார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. பத்திரத் தமிழைக் கேலி செய்கிறவர்களோடு நான் முப்பது வருடமாகச் சண்டை போடுகிறேன். அதில் வரும் வேலியும் வாய்க்காலும் மாமரமும் நாலு திசையிலும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வயலின் தெரியவில்லை.

கேள்வியில் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறாரே ஒருவர், அவரைத்தான் இரண்டு தடவை படித்தேன். பழம் அவர் வீட்டு மரத்திலிருந்தா, வாங்கி வருகிறாரா? வழக்கே அந்த மரம் நிற்கும் இடத்தைப் பற்றியதா? பையைத் திருப்பிக் கேட்பாரா?

தபால்தலை வைக்காததால் கதை திரும்பி வராது. அந்தக் கொய்யாப்பழக்காரருக்கு அடுத்த வாய்தா என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள்.